அச்சம் எதையும் அனுமதிக்குமா?

கடலோரத்துக் குன்றிலே ஒரு பெரிய வீடு. நள்ளிரவு கடந்த வேளை. ஓர் இளம் பெண் ஓசையின்றிக் கட்டிலை விட்டு எழும்புகிறாள். பக்கத்தில் உறங்குபவன் விழித்துவிடக் கூடாதென்று அவனுக்கு முன்னரே நித்திரை மருந்து கொடுத்திருக்கிறாள். வீட்டைக் காவல் செய்யும் கமராக்களைச் செயலிழக்கச் செய்துவிட்டு, மதிலேறிக் குதித்து, காட்டு வழியே தெருவுக்கு ஓடுகிறாள். அங்கே அவளுடைய சகோதரி காரோடு வருகிறாள். ஆனால் துரத்தி வந்தவன் காரின் கண்ணாடியைக் கையாலேயே உடைத்துவிடுகிறான். மதில் என்றால் கள்வன் உள்ளே வராதிருக்கக் கட்டுவது என்பதே நாமறிந்த வழக்கம். இந்த வீட்டு மதிலோ உள்ளே இருப்பவள் வெளியே போகாதிருக்கக் கட்டப்பட்டது போலத் தோன்றுகிறது.

2020 ஆம் ஆண்டு லீ வனெல் என்பவர் எழுதி இயக்கிய 'தி இன்விசிபிள் மேன்' என்ற ஆங்கிலத் திரைப்படம் இவ்வாறு ஆரம்பிக்கிறது. 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்பது அதன் பொருள். எச். ஜி. வெல்ஸ் 1897 இல் வெளியிட்ட நாவலின் பெயரையும் அடிப்படைக் கற்பனையையும் எடுத்துக்கொண்டு, நாளையோ மறுநாளோ நடக்கக்கூடிய கதையாக அதனை மாற்றியிருக்கிறார்கள். இது சிறுவர்கள் பார்க்கத்தக்க படம் அன்று. வளர்ந்தோரையும் நடுங்க வைக்கும் காட்சிகள் இதில் உண்டு. ஆயினும் அது எழுப்பும் கேள்வி, பொழுதுபோக்கோடு விட்டுவிடக் கூடிய கேள்வியன்று.

தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் அழிப்பதற்கென்றே பின்தொடரும் ஒருவனுக்கு எதிராக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் செல்லலாம்? சட்டம் கைகொடுக்காத வேளையில், அச்சம் நமக்கு எதையும் அனுமதிக்குமா? கதையின் முடிவைச் சொல்லாமல் இக்கேள்வியை ஆராய முடியாது. ஆகவே படத்தைப் பார்க்க எண்ணியிருக்கும் வாசகர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வார்களாக.

கதையின் சுருக்கம்

தப்பியோடிய பெண்ணின் பெயர் செசீலியா. அவள் விட்டு ஓடிய ஏட்ரியன் ஒளியியல் துறையிலே பெயர்பெற்ற விஞ்ஞானி, பெரும் செல்வன். அவள் எதை உடுத்த வேண்டும், எதை உண்ண வேண்டும், எப்போது வெளியே போகலாம், யாரோடு என்ன பேசலாம் என்பதையெல்லாம் அவனே தீர்மானித்தான். ஈற்றில் அவள் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கினான். தப்பியவள், ஜேம்ஸ் என்ற நண்பனின் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். அவன் ஒரு பொலிஸ் உத்தியோகத்தன். தன் மகளைத் தனியே வளர்த்து வருபவன்.

சில நாட்களில், ஏட்ரியன் தற்கொலை செய்துகொண்டான் என்று செய்தி வருகிறது. சட்டத்தரணியான அவனுடைய சகோதரன் மூலமாக, ஐம்பது இலட்சம் டொலர் அவளுக்கு எழுதி வைக்கப்பட்டிருப்பதும் தெரிகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவள் குற்றவாளியாகக் காணப்படக் கூடாது, சித்த சுவாதீனம் உள்ளவளாகவும் இருக்க வேண்டும்.

அதன் பின்பு ஆரம்பிக்கிறது வதை. யாருமில்லாத அறையிலே யாரோ இருக்கிறார்கள். அவள் எழுதாத ஒரு கொடிய மின்னஞ்சல் அவளுடைய பெயரால் சகோதரிக்குப் போகிறது. சகோதரி கதவை அடைக்கிறாள். ஜேம்சின் மகளை ஒரு காணாத கை அறைகிறது. அறைந்தவள் செசீலியாவே என்று எண்ணித் தகப்பன் மகளோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். உடல் முழுவதையும் நுண்ணிய கமராக்களால் மூடி, அணிந்தவனைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்யும் ஓர் உடையை ஏட்ரியன் ஆக்கியிருக்கிறான் என்பதை அவள் கண்டறிகிறாள். அதைச் சொல்லச் சகோதரியை ஓர் உணவகத்துக்கு அழைக்கிறாள். பலர் பார்த்திருக்கச் சகோதரி கொல்லப்படுகிறாள். கத்தியோ செசீலியாவின் கையில் இருக்கிறது. கொலைகாரி என்றும் பைத்தியக்காரி என்றும் அவளைப் பூட்டி வைக்கிறார்கள்.

கைஜஸின் மோதிரம்

கண்ணுக்குத் தெரியாதிருத்தல் என்பது மெய்யியலார் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்த பொருள். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பாகத்திலே ஒரு கதையைச் சொல்கிறார். லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவன் நிலவெடிப்பொன்றில் இறங்கி ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். அதன் முகப்பை உட்புறம் திருப்பினால் அவன் மறைந்துவிடுகிறான். வெளிப்புறம் திருப்பினால் மீண்டும் தெரிகிறான். இந்த வல்லமை கைவந்தவுடன் அவன் செய்தது என்ன? அரண்மனைக்குப் போனான், அரசியை வசப்படுத்தினான், அரசனைக் கொன்றான், ஆட்சியைப் பிடித்தான்.

இக்கதையை அந்நூலிலே சொல்பவன் கிளவுக்கன் என்ற இளைஞன். அவன் சோக்கிரட்டீசை மடக்குகிறான். இப்படிப்பட்ட மோதிரங்கள் இரண்டு இருந்து, ஒன்றை நீதிமானுக்கும் மற்றதை அநீதனுக்கும் கொடுத்தால் இருவரும் ஒரே வழியில்தானே நடப்பார்கள்? மனிதர் நீதியாய் நடப்பது பிறர் காண்கிறார்கள் என்பதற்காக அல்லவா? சோக்கிரட்டீஸ் இதற்கு உடனே விடை சொல்லவில்லை. நீதி என்பது ஆன்மாவின் நலம்; மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆன்மாவுக்கு நன்மை செய்வது அதுவே என்ற முடிவுக்கு வர அவருக்கு அந்நூலின் பத்துப் பாகங்களும் தேவைப்பட்டன.

நம் காலத்தில் அந்த மோதிரம் கற்பனைப் பொருளாக இல்லை. படத்தில் வரும் உடை இன்னும் உலகில் இல்லாதிருக்கலாம். ஆனால் அது செய்யும் வேலைகளில் பலவற்றைச் செய்யும் பொருட்கள் கடையிலே விற்கப்படுகின்றன. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், தொலைந்த திறப்பையும் பையையும் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்று நாணயம் போன்ற சிறு வில்லை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திறப்போடு தொங்கியதை வேறு சிலர் பெண்களின் காரிலும் கைப்பையிலும் ஒளித்து வைத்தார்கள். அந்நியரின் வில்லை ஒருவரோடு பயணம் செய்தால் அவருடைய கைத்தொலைபேசியே எச்சரிக்கும் ஏற்பாட்டை, தொலைபேசி வகை எதுவாயினும் செயற்படும் விதமாக, அந்நிறுவனமும் கூகிள் நிறுவனமும் 2024 மே மாதத்தில் சேர்ந்து கொண்டுவந்தன. பொருள் கெட்டதன்று, கள்வனைக் கண்டுபிடிக்கும் கருவியே கள்வனுக்கும் உதவுகிறது. காணப்படாமற் காண்பது என்ற வல்லமை கையில் வந்தவுடன் மனிதன் என்ன செய்கிறான் என்பதே கேள்வி. கிளவுக்கன் கேட்டதும் அதுதான்.

நம்பப்படாத சாட்சி

செசீலியாவை ஏட்ரியன் அடித்த அடிகளைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. அவளை யாரும் நம்பாதபடி செய்தான். அவளைப் பற்றிய நல்லெண்ணத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். சகோதரியின் அன்பு, நண்பனின் மதிப்பு, பிள்ளையின் பாசம், ஈற்றில் வைத்தியரின் நம்பிக்கை எல்லாம் போயின. பின்தொடர்வோர் கையாளும் பழைய வழி இதுவே. ஆட்டை மந்தையிலிருந்து பிரித்த பின்புதான் ஓநாய் பாய்கிறது.

இங்கே நாம் ஒரு நியாயத்தையும் மறுக்கக் கூடாது. அவளுடைய உறவினர் கெட்டவர்கள் அல்லர். 'இறந்தவன் வந்து என்னைத் துன்புறுத்துகிறான்' என்று ஒருவர் சொன்னால் நாமென்றாலும் வைத்தியரிடம் கூட்டிப்போகவே நினைப்போம். ஆயினும் நம்புதல் என்பதில் இரு வகை உண்டு. ஒருவர் சொல்வதெல்லாம் அப்படியே உண்மை என்று தீர்ப்பிடுவது ஒன்று. சொல்பவரின் துன்பம் உண்மையானது என்று ஏற்று, அவரோடு நின்று, விசாரித்துப் பார்ப்பது மற்றொன்று. முன்னையது எப்போதும் நம்மால் இயலாது. பின்னையது எப்போதும் நமது கடமை. சகோதரியிடம் அந்த மின்னஞ்சல் வந்தபோது, 'இதை எழுதியது நீதானா?' என்று கோபம் தணிந்து ஒரு கேள்வியை அவள் கேட்டிருந்தால் கதை வேறு வழியிலே திரும்பியிருக்கலாம்.

இது வெறும் கதைக்குரிய கருத்தன்று. 1969 இல் கலிபோர்ணியாவில் ஒரு பல்கலைக்கழக மாணவன், தன்னை விரும்பாத ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன்னைக் கவனித்த உளவியலாளரிடம் சொன்னான். அவர் பல்கலைக்கழகக் காவலருக்கு அறிவித்தார். காவலர் மாணவனைப் பிடித்து, தெளிவாகப் பேசுகிறான் என்று கண்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ பெற்றோருக்கோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னர் அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கிலே 1976 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்துக்குள்ளானவரைக் காக்க நியாயமான முயற்சி எடுப்பது அப்படிப்பட்ட தொழில் செய்வோரின் கடமை என்று தீர்த்தது. அந்தரங்கம் காப்பது பெரிய கடமைதான். ஆனால் ஓர் உயிர் போகும் நிலையில், தொழிலின் அந்தரங்கம் அதற்கு மேலான கடமை ஆகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

சட்டம் வரும் வழி

பொலிசாரிடம் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். நெடுங்காலமாக அங்கே கிடைத்த பதில், 'அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே' என்பதாகவே இருந்தது. தெருவிலே நிற்பது குற்றமா? பூ அனுப்புவது குற்றமா? தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசாமல் வைப்பது குற்றமா? தனித்தனியே எடுத்தால் ஒன்றும் குற்றமன்று. நூறு நாள் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு மனிதரின் கழுத்தை மெதுவாக நெரிக்கும் கயிறு.

1989 இல் அமெரிக்காவில் ஓர் இளம் நடிகை தன் வீட்டு வாசலிலே சுட்டுக் கொல்லப்பட்டாள். நெடுநாள் பின்தொடர்ந்த ஓர் இரசிகனே கொலையாளி. வாகனப் பதிவு அலுவலகத்தில் இருந்த அவளுடைய விலாசத்தை ஒரு தனியார் துப்பறிவாளர் மூலமாக அவன் பெற்றிருந்தான். விலாசம் கொடுத்தவர் யாரையும் கொல்ல எண்ணவில்லை. கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவே. அடுத்த ஆண்டு, 1990 இல், கலிபோர்ணியா பின்தொடர்தலையே தனிக் குற்றமாக்கும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவில் அதுவே அவ்வகையின் முதற் சட்டம். மற்ற மாநிலங்கள் சில ஆண்டுகளுக்குள் அதனைப் பின்பற்றின. வாகனப் பதிவு விபரங்களை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் 1994 இல் வந்தது. இங்கிலாந்து 1997 இல் தொல்லை கொடுத்தலுக்கு எதிரான சட்டத்தை இயற்றியது.

இச்சட்டங்கள் தனிச் செயலைப் பார்க்காமல் செயல்களின் தொடர்ச்சியைப் பார்க்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் உயிர் போன பின்புதான் சட்டத்தின் கண் திறந்தது. சட்டம் பெரும்பாலும் பின்னால் வருகிறது. அச்சம் முன்னால் நிற்கிறது. அந்த இடைவெளியிலே நிற்கும் குடும்பம் என்ன செய்வது?

முன்னொரு கதை

இதே இடைவெளியில் நின்ற ஒரு தகப்பனின் கதையை 1962 இல் ஜே. லீ தொம்சன் 'கேப் ஃபியர்' என்ற பெயரிலே படமாக்கினார். ஜோன் டி. மக்டொனால்ட் 1957 இல் எழுதிய நாவல் அதற்கு அடிப்படை. சாம் போடன் ஒரு சட்டத்தரணி. முன்பு ஒரு பெண்ணைத் தாக்கிய மக்ஸ் கேடிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். தண்டனை முடித்து வெளிவந்த கேடி, அவரையும் மனைவியையும் இளம் மகளையும் நிழல்போலத் தொடர்கிறான். சட்டத்தை அவன் கற்றிருக்கிறான். கோட்டைத் தாண்டாமல் கோட்டின்மேல் நடக்கிறான்.

கிரெகரி பெக் நடித்த அந்தத் தகப்பன் நேர்மையானவர். ஆனால் படிப்படியாக அவர் இறங்குவதைப் பாருங்கள். முதலில் பொலிஸ் நண்பரைக் கொண்டு கேடியை நெருக்குகிறார். பின்பு பணம் கொடுத்துப் பார்க்கிறார். பின்பு அடியாட்களை ஏவுகிறார். அது வெளிப்பட்டு அவருடைய தொழிலுக்கே ஆபத்து வருகிறது. ஈற்றில் மனைவியையும் மகளையுமே தூண்டில் இரையாக்கி ஆற்றுப் படகு வீட்டில் வைக்கிறார். அதில் ஒரு காவலரின் உயிர் போகிறது. முடிவிலே கேடி காயப்பட்டு, துப்பாக்கி முனையிலே, சுடு என்று சவால் விடுகிறான். போடன் சுடவில்லை. அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கிறார்.

இங்கேயும் நாம் அவசரப்பட்டு மாலை போடக் கூடாது. அவர் கொல்லாமல் விட்டது முழுவதும் இரக்கத்தினால் அன்று. சிறையிலே நீண்ட காலம் வாடட்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு. என்றாலும் பகைமை நிறைந்த மனத்தோடே ஒருவர் சரியானதைச் செய்யக் கூடும் என்பதற்கு அது ஓர் உதாரணம். கையை நிறுத்திய பின்பு மனத்தைக் குணப்படுத்தக் காலம் உண்டு. கையை நிறுத்தாவிட்டால் அந்தக் காலமும் இல்லை.

தற்காப்பும் தண்டனையும்

செசீலியாவின் கதைக்குத் திரும்புவோம். வைத்தியசாலையிலிருந்து தப்பியவள் ஜேம்சின் வீட்டுக்கு ஓடி வருகிறாள். காணாத உருவம் அங்கே ஜேம்சையும் மகளையும் தாக்கிக்கொண்டிருக்கிறது. அவள் அதனைச் சுடுகிறாள். முகமூடியை நீக்கினால், இறந்து கிடப்பவன் ஏட்ரியன் அல்லன், அவனுடைய சகோதரன். ஏட்ரியனோ தன் வீட்டிலே கட்டுண்டவனாய்க் கண்டெடுக்கப்படுகிறான். தானும் சகோதரனின் கைதியே என்கிறான். உலகம் அவனை நம்புகிறது.

அவள் நம்பவில்லை. அவனோடு இரவு உணவுக்குப் போகிறாள். பேச்சைப் பதிவு செய்ய ஜேம்ஸ் வெளியே காத்திருக்கிறான். உண்மையை ஒப்புக்கொள் என்று அவள் கெஞ்சுகிறாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அவளுக்கு மட்டுமே விளங்கும் ஒரு சொல்லைச் சொல்லித் தன்னைக் காட்டிக் கொடுக்கிறான். அவள் மேசையை விட்டு எழுந்து போகிறாள். சற்று நேரத்தில், கமராவின் கண்ணுக்குத் தன் கையாலேயே தன் கழுத்தை அறுத்துக்கொள்பவனாக ஏட்ரியன் விழுகிறான். அவனுடைய உடையை அவள் முன்னரே அந்த வீட்டிலே ஒளித்து வைத்திருந்தாள். மோதிரம் கை மாறிவிட்டது.

திரையரங்கிலே இக்காட்சியில் கைதட்டாதவர் குறைவாகவே இருந்திருப்பர். கதை நம்மை அதற்குத் தயார் செய்து வைத்திருக்கிறது. கைதட்டலுக்குப் பின்பும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவள் செய்தது சரியா?

புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். ஒன்று நாம் நாடுவது, மற்றது நாடாமல் நேர்வது. தன்னைத் தாக்குபவனைத் தடுப்பவர் தன் உயிரைக் காப்பதையே நாடுகிறார். தாக்கியவன் இறந்தால் அது அவர் நாடாத விளைவு. தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பாவிக்கக் கூடாது. தேவையான அளவு பாவிப்பது நியாயமே. பிறன் உயிரைவிடத் தன் உயிரைக் காக்கும் கடமை ஒருவருக்கு அதிகம் உண்டு. ஆனால் கொல்வதையே நோக்கமாகக் கொள்வது தனி மனிதருக்கு ஆகாது. இது அவருடைய படிப்பினையின் சாரம். 1992 இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனை ஏற்று, பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு உரிமை மாத்திரமன்று, பாரிய கடமையாகவும் இருக்கலாம் என்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், படம் நமக்கு இரு செயல்களை அருகருகே வைத்திருப்பது தெரியும். ஜேம்சின் வீட்டிலே அவள் சுட்டது தற்காப்பு. அங்கே அவள் ஆளை மாற்றி எண்ணினாள். ஏட்ரியன் என்று நினைத்தது சகோதரனாயிற்று. என்றாலும் அவள் செய்தது பிழையாகவில்லை. ஏன்? தற்காப்பு கேட்பது, 'இந்தக் கை இப்பொழுது என்ன செய்கிறது?' என்ற ஒரு கேள்வியை மாத்திரமே. கை யாருடையது என்பது அங்கே பொருட்டன்று.

உணவு மேசையிலே நடந்ததோ தண்டனை. தண்டனை கேட்கும் கேள்விகள் வேறு. இவன் யார்? இவன் செய்தது எது, சகோதரன் செய்தது எது? எவ்வளவு அறிந்து செய்தான்? இங்கே ஆள் மாறினால் எல்லாமே மாறிவிடும். ஆகவேதான் மனித குலம் தண்டனையை ஒருவர் கையில் விடாமல், சாட்சி வேறு, வாதி வேறு, நீதிபதி வேறு என்று பிரித்து வைத்தது. செசீலியா அந்த மேசையிலே எல்லாமாகவும் இருந்தாள். அவள் கணிப்புச் சரியாகவே இருந்திருக்கலாம். ஒரு சொல்லை ஆதாரமாக வைத்துத் தீர்ப்பெழுதியவள் ஒருமுறை ஏற்கெனவே ஆளை மாற்றி எண்ணியவள் என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. கத்தியை ஓங்கும் கணத்தில் மட்டும் தற்காப்பு என்றால், கத்தியைத் தினமும் தீட்டுபவனோடு வாழ்பவள் என்ன செய்வாள்? அவள் பலத்திலே குறைந்தவள். ஓங்கும் கணம் வரும்போது அவளுக்குத் தடுக்க நேரமிராது. பொலிஸ் நம்பவில்லை, வைத்தியர் நம்பவில்லை, வயிற்றிலே ஒரு பிள்ளை. அவளுக்கு எஞ்சிய வழி எது? இந்த மறுப்பை இலேசாகத் தள்ளிவிட நம்மால் முடியாது. அக்குவினாசின் நூலைப் பூட்டிய அறையிலிருந்து வாசிப்பது வேறு, திறந்த அறையிலிருந்து வாசிப்பது வேறு.

ஆனாலும் இரண்டு காரியங்களைச் சொல்லவே வேண்டும். ஒன்று: அச்சம் பொறுப்பைக் குறைக்கும், செயலின் தன்மையை மாற்றாது. பேரச்சத்தில் செய்ததற்கு மனிதரின் பொறுப்புக் குறையும் என்பது ஒழுக்கவியலின் பழைய படிப்பினை. செயல் தவறு என்று சொல்வதும், செய்தவள் இவ்வளவு குற்றவாளி என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னதை நாம் சொல்லலாம். பின்னதைச் சொல்ல இறைவன் ஒருவருக்கே முடியும்.

இரண்டாவது: அவன் உண்மையாய் அவளுக்கு விட்டுச் சென்ற சொத்து எது? பணம் அன்று, அவனுடைய முறை. மறைந்திருத்தல், கமராவை ஏமாற்றுதல், பொய்யான தற்கொலை, யாரும் நம்ப முடியாதபடி சாட்சியைத் திரித்தல் ஆகிய அவனுடைய கலைகள் யாவையும் அவள் கற்றுக்கொண்டாள். அவளுடைய பையிலே அந்த உடை இருப்பதை ஜேம்ஸ் காண்கிறான், கண்டும் போகவிடுகிறான். அன்று முதல் அந்த நேர்மையான காவலனும் ஓர் இரகசியத்தோடு வாழ வேண்டும். பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு அவள் ஒருநாள் என்ன சொல்வாள்? படம் அங்கே முடிந்துவிடுகிறது. குடும்பத்தின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் பொறுப்பு?

'அவள் செய்தது சரியா?' என்று இவ்வளவு நேரம் கேட்டோம். அதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அந்த மேசைக்கு அவள் வேறு வழியின்றி வந்து சேர்ந்ததற்கு யார் பொறுப்பு? கதவை அடைத்தவர்கள், விசாரியாமல் முடிவு செய்தவர்கள், அவன் சொன்னதை அவன் அந்தஸ்துக்காக நம்பியவர்கள் ஆகிய எல்லோருடைய கையும் அந்தக் கத்தியில் பட்டிருக்கிறது.

எங்கள் கையும் பட்டதுண்டா என்று குருக்களாகிய நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பயந்து வந்த ஒரு மனைவியிடம், 'பொறுத்துக்கொள் பிள்ளை, செபம் செய், எல்லாம் சரியாகும்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எளிது. விவாகத்தின் புனிதத்தைக் காத்துவிட்டோம் என்ற திருப்தியும் எங்களுக்கு வரும். ஆனால் திருச்சபையின் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153 ஆம் பிரிவு, வாழ்க்கைத் துணைவர் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பாரிய ஆபத்தை விளைவித்தால், மற்றவர் பிரிந்து செல்ல நியாயமான காரணம் உண்டு என்று கூறுகிறது. தாமதத்தில் ஆபத்து இருந்தால் அனுமதிக்காகக் காத்திராமலே விலகலாம் என்பதும் அதில் உண்டு. விவாகம் கூண்டன்று.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னிப்பது கிறிஸ்தவரின் கடமை. ஆனால் மன்னித்தல் வேறு, கதவைத் திறந்து விடுதல் வேறு. ஒருவரை மன்னித்த பின்பும் பூட்டை மாற்றலாம், முறைப்பாடு செய்யலாம், அவன் சிறையிருக்கச் சாட்சி சொல்லலாம். தீமை செய்பவனைத் தடுப்பது அவனுக்கும் செய்யும் உபகாரமே.

நம் வீடுகளுக்குள் நாம் பார்க்கவேண்டிய காரியமும் ஒன்று உண்டு. ஏட்ரியன் ஒரே நாளில் அந்த உடையை அணியவில்லை. 'எங்கே போனாய்? யாரோடு பேசினாய்? உன் தொலைபேசியின் கடவுச்சொல்லைத் தா; ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஏன் பயப்படுகிறாய்?' என்ற கேள்விகளிலிருந்துதான் அது ஆரம்பிக்கிறது. அன்பு என்ற பெயரிலே கேட்கப்படுவதால் அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. சிறு பிள்ளையைக் கண்காணிப்பது பெற்றோரின் கடமை. வளர்ந்தவரை ஒளித்திருந்து கண்காணிப்பது அன்பில் இருந்து பிறப்பதன்று. காணப்படாமற் காண விரும்புகிறவன் தன் விரலிலே அந்த மோதிரத்தைப் போடத் தொடங்கிவிட்டான்.

பிரிய வாசகர்களே, இரவோடிரவாகத் தப்பியோடிய ஒரு பெண்ணில் ஆரம்பித்தோம். நாம் ஆண்டுதோறும் நினைவுகூரும் குடும்பம் ஒன்றும் அப்படியே ஓடியது. ஓர் அரசன் அவர்களுடைய குழந்தையைக் கொல்லத் தேடினான். சூசையப்பர் வாளைத் தேடவில்லை. ஏரோதுவிடம் நியாயம் பேசப் போகவுமில்லை. இரவிலேயே எழுந்து, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். ஓடுவது கோழைத்தனம் என்று அவர் எண்ணவில்லை. அந்நிய நாடாகிய எகிப்து அவர்களுக்கு இடம் கொடுத்தது.

நமது கதவை நடு இரவிலே ஒருவர் தட்டினால், அவர் சொல்வதெல்லாம் நமக்கு விளங்காமற் போகலாம். எகிப்தியருக்கும் அந்தக் குடும்பத்தின் கதை விளங்கியிருக்க நியாயமில்லை. முதலில் கதவைத் திறப்போம். விசாரணையை விடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.